சூட்டுக்கு ஹிந்தியில் என்ன?

சிறுநீர்க் கோளாறு பார்க்கும் யூராலஜி டாக்டரின் வரவேற்பு மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், வருகிற ஆண்களில் பாதிப் பேர் தலைவலி என்றுதான் ஆரம்பிப்பார்கள். டெல்லி கோல் மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் பதினோரு வருடமாக அந்த மேஜை என்னுடையது. டாக்டர் பஞ்சாபி. தமிழர்கள் வந்தால் மொழிபெயர்ப்பதும் நான்தான். இப்படி ஏதாவது ஒரு மேஜையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

கர்மி

வேலைக்குச் சேர்ந்த புதிது. முனிர்காவில் அறை எடுத்துப் பரீட்சைக்குப் படிக்கும் மதுரைக்காரர் ஒருவர் வந்தார். "சூடு பிடிச்சிருச்சுக்கா, ஒண்ணுக்குப் போனா எரியுது" என்றார். எனக்கு வெட்கம். பின்பாதியை விழுங்கிவிட்டு, சூட்டுக்கு ஹிந்தி கர்மிதானே என்று டாக்டரிடம் அதை மட்டும் சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் காலத்து ஆட்களுக்குக் கர்மி என்றால் போகக் கூடாத இடத்துக்குப் போய் வாங்கி வந்த வியாதியாம். எத்தனை பெண்களிடம் போனாய் என்று நேராகவே கேட்டுவிட்டார். அந்த மனுஷர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, நான் லைப்ரரியைத் தவிர எங்கயுமே போறதில்லக்கா."

ஜலன்

அன்றிலிருந்து உஷாரானேன். யார் சூடு என்றாலும் 'ஜலன்', அதாவது எரிச்சல் என்று சொல்லிவிடுவேன். கேள்வி கிடையாது, வெட்கம் கிடையாது, வேலை ஜல்தி முடியும்.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து வைத்திலிங்கம் சார் வந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஆபீஸ் ஹிந்தி தண்ணீராகப் பேசுவார். இந்த விஷயத்துக்கு மட்டும் அவரிடம் ஹிந்தி இல்லை. மேஜையிலேயே என்னிடம் தாழ்ந்த குரலில், "சூடு கொஞ்சம் ஜாஸ்திம்மா. நிறம்கூட மாறிப் போறது" என்றார். நான் வழக்கம்போல ஜலன் என்றேன். நிறத்தை விட்டுவிட்டேன்.

டாக்டர் மாத்திரையும் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதினார். நாலு நாளில் எரிச்சல் போய்விட்டதால் அவர் பரிசோதனைக்குப் போகவில்லை. ஒரு வாரம் கழித்து போன் செய்து கேட்டேன். "இளநீரும் வெந்தயமும் போதும்மா, கண்ட குப்பியில பிடிச்சுக் கொடுக்கறதெல்லாம் எதுக்கு?"

ரிப்போர்ட்

ஐந்து மாதம் கழித்து, நிற்க முடியாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்கேனில் சிறுநீர்ப் பையில் கட்டி. புற்றுநோய் வெளியே பரவியிருந்தது. சிறுநீரில் ரத்தம் எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். முதல் தடவை வந்தபோதே என்று அவர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். அதை அப்படியே ஹிந்தியில் சொன்னேன்.

அவர் மனைவி மருந்து வாங்கப் போனதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நிறம் மாறுதுன்னு நீங்க சொன்னதை நான் டாக்டர்கிட்ட சொல்லலை சார்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும். அவர் கையிலிருந்த ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "நானும் ரத்தம்னு சொல்லலையேம்மா. சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்."

காரணம்

மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவர் மனைவி பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வந்தார். உறையில் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்தது, அவர் அழவில்லை. அவருக்கு வேறு கவலை. தஞ்சாவூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் என்ன வியாதி என்று விசாரித்து இங்கே போன் செய்யக்கூடுமாம். "அந்த இடத்துல வந்ததுன்னு எப்படிம்மா சொல்றது? டெல்லிச் சூடு ஒத்துக்கலைன்னு சொல்லி வச்சிருக்கேன், நீயும் அதையே சொல்லிடு."

இப்போதெல்லாம் யாராவது சூடு என்றால் மொழிபெயர்ப்பதற்கு முன் என்ன நிறம் என்று கேட்கிறேன், பாதிப் பேர் ஃபேனைப் பார்க்கிறார்கள், மீதிப் பேர் தலைவலி என்கிறார்கள்.