ஆக்னலுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு

சமையலறையில் உட்கார்ந்து பட்டர் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர் ஆக்னல். கொடைக்கானலில் இருபத்திரண்டு வருடம் டாக்சி ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன்னால், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில், பனிமூட்டத்தில் வண்டி சறுக்கி, முன்சக்கரம் இரண்டும் பள்ளத்துக்கு மேலே தொங்க நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் சாவியைத் தொடவில்லை. என்ன கேட்டாலும் "ம்" மட்டும்தான். இப்படியே போனால் மனிதர் ஒரேயடியாக ஊமையாகிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

டாக்டர் கவுன்சிலிங்குக்குப் போகச் சொன்னார். செவ்வாய்க்கிழமைதோறும் திண்டுக்கல்லிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ரம்யா என்று ஒரு பெண் வருவாராம்.

அது எனக்குத் தெரியாத சோலியா என்ன? பங்குக் கோயிலில் பதினான்கு வருடமாக, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவள் நான். சாமியாரிடம் பாவங்களை அறிக்கையிடுகிற முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால், அவற்றைச் சீட்டில் எழுதி மனப்பாடம் பண்ண வைப்பேன். அவர் முன்னால் ஒரு பிள்ளையும் முழிக்கக் கூடாது. ஆக்னலுக்கும் ஒரு சீட்டு எழுதினேன். மொத்தம் பதினொன்று. குழம்பு நன்றாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லாதது ஏழாவது.

"ஒருக்கா சொல்லிப் பாருங்க."

"ம்."

செவ்வாய்க்கிழமை ரம்யாவின் அறையிலும் அதே "ம்"தான். பொறுக்க மாட்டாமல் சீட்டை நானே வாசித்தேன்.

"அக்கா, இத எழுதுனது யாரு?"

"நாந்தாம்மா. அவருக்குக் கூச்சம்."

"அவருக்கு என்ன தோணுதுன்னு அவரே..."

"அதையும் நானே சொல்லிருறேன்."

சொன்னேன். வளைவு, பனி, வண்டி தொங்கியபோது அவர் மனதில் ஓடியது வரைக்கும். அந்த நேரத்தில் நான் வீட்டில் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. முடித்துவிட்டுக் கேட்டேன்: "பரிகாரம் என்னம்மா?"

"பரிகாரமா?"

"சாமியார்னா பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வாரு. நீங்க?"

"இங்க அப்படி ஒண்ணும் கெடையாதுக்கா. தப்புப் பண்ணவங்க வர்ற எடம் இல்ல இது."

பிறகு அந்தப் பெண் ஆக்னலைப் பார்த்தபடி சும்மா இருந்தார். நானும் சும்மா இருந்தேன், ஒரு அரை நிமிடம். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் ரம்யாவின் உள்ளங்கை மெல்ல உயர்ந்தது. மறைக்கல்வி வகுப்பில் நான் காட்டுகிற அதே கை.

"வண்டியில பின்னாடி ஒரு கைப்பிள்ள இருந்துச்சு," என்றார் ஆக்னல். "வண்டி தொங்கையில அது சிரிச்சுச்சு."

மூன்று மாதமாக அந்த விபத்தைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். என் கதையில் பிள்ளையே கிடையாது.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஜூலி, நீ செத்த நேரம் வெளிய இரேன்."

"ஏங்க, நான் என்ன பண்ணுனேன்?"

சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.