யாரோ ஒரு பிள்ளை

எங்கள் அப்பா பேருந்து ஓட்டுநர். சாலையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் என்றாலே அவருக்கு ஆகாது. கையைக் காட்டுகிறவன் திரும்ப மாட்டான், திரும்புகிறவன் கையைக் காட்ட மாட்டான், இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறவன் பேருந்துத் தடத்தின் நடுவில் போவான் என்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் புலம்புவது எங்கள் வீட்டு வழக்கம். அதே மேசையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, மூன்றாவது முறையாகச் சோறு போட்டுப் பிசைந்துகொண்டிருந்தவள்தான் பின்னாளில் நாட்டின் டிரையத்லான் சாம்பியன் ஆன என் சித்தி.

அம்மாவின் ஒரே தங்கை அவள். மருத்துவமனையில் தாதி வேலை. செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. அவளுடைய சைக்கிளுக்கும் அதே அறைதான். நான் விழிக்கும்போது அவள் படுக்கை காலியாக இருக்கும். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தலையில் குளோரின் வாடையோடு வந்து நின்று என் மைலோவைப் பாதி குடித்துவிடுவாள். பள்ளி நாள்களிலேயே அவள் ஓட்டக்காரி. நீச்சல் மட்டும் இருபது வயதுக்கு மேல், ஃபேரர் பார்க் குளத்தில், இடுப்பளவு உயரமுள்ள பொடிசுகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டதாம்.

டிரையத்லான் என்றால் முதலில் கடலில் நீந்த வேண்டும். கரையேறிய கையோடு சைக்கிளில் ஏற வேண்டும். இறங்கியதும் ஓட வேண்டும். நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்க இடமே கிடையாது. இந்த விளையாட்டின் நியாயம் அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

"ஏதாவது ஒண்ண உருப்படியா செஞ்சா பத்தாதா?" என்பாள்.

ஆனால் பாசம் வேறு, நியாயம் வேறு. இரண்டு வருடம் ஓவர்டைம் பார்த்து சித்தி பந்தய சைக்கிள் வாங்கியபோது, அதைச் சிராங்கூன் சாலைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அங்கே அர்ச்சகர் டாக்சிக்கும் லாரிக்கும் பூசை போட்டுப் பழகியவர். சைக்கிளின் குச்சி போன்ற உடம்பில் எங்கே சந்தனம் வைப்பதென்று சிறிது நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு வழக்கப்படி இரண்டு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஏறி நசுக்கச் சொன்னார். பழம் நசுங்கவில்லை. சக்கரம்தான் வழுக்கியது. சித்தி பூக்கடைப் பக்கமாகச் சரிந்ததையும், அம்மா அதையே நல்ல சகுனம் என்று அறிவித்ததையும் நாங்கள் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் வீட்டில் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. சித்திக்கு அப்போது இருபத்தெட்டு. தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் பந்தயம் ஒன்று கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் நடக்கவிருந்தது. பெண்களில் முதலாவதாக வருபவளுக்கு அணியில் இடம். சித்தி ஜெயித்துவிட்டால் இரண்டு வருடத்துக்கு யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது. தோற்றுவிட்டால் சைக்கிளை விற்றுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார வேண்டும். அம்மாவும் சித்தியும் என் கண்முன்னால் கையில் அடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள். சித்தி விளையாட்டாகச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் சித்தி எங்களை உட்காரவைத்துக் கண்டிப்பாக ஒரு விஷயம் சொன்னாள். அதற்கு முந்தைய பந்தயம் ஒன்றில் அம்மா கையில் இட்லியோடு அவள் பின்னாலேயே ஓடியிருந்தாள்.

"நீங்க யாரும் எனக்கு எதையும் குடுக்கக் கூடாது. தண்ணிகூடத்தான். அவங்க வச்சிருக்கிற மேசையில நானே எடுத்துக்குவேன். வெளியாளுங்ககிட்ட வாங்குனா என்னைத் தூக்கிருவாங்க. புரியுதாலா?"

எல்லோருக்கும் புரிந்தது. எனக்கும் புரிந்தது. கொடுக்கக் கூடாது, அவ்வளவுதானே.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைப்பூசத்துக்கு அம்மா வருடம் தவறாமல் பால்குடம் எடுப்பாள். வெறுங்காலோடு அவ்வளவு தூரம் நடக்கும்போது வெயில் ஏறிவிட்டால் தார்ச்சாலை கொதிக்கும். கூட வருகிறவர்கள் போத்தலில் தண்ணீர் வைத்துக்கொண்டு காலில் ஊற்றிக்கொண்டே வருவார்கள். ஏழு வயதிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. கால் தரையில் படுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஊற்ற வேண்டும். அதிகம் ஊற்றினால் வழுக்கும், குறைந்தால் சுடும். அக்கம்பக்கத்தில் காவடி எடுத்து வந்தவர்களே என் கைப்பக்குவத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். நான் நன்றாகப் படிக்கிற பிள்ளை இல்லை. தண்ணீர் ஊற்றுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும் என்று நானே நம்பியிருந்தேன்.

பந்தயத்தன்று அப்பா நண்பரின் வேனை இரவல் வாங்கி எங்களை அழைத்துப் போனார். அங்கே பிள்ளைகளுக்கு இலவசமாகத் தொப்பி கொடுத்தார்கள். அது மூக்குவரை இறங்கி என் இரட்டைச் சடையையும் முகத்தையும் மறைத்தது. சித்தி கடலிலிருந்து நான்காவதாக வந்தாள். சைக்கிளில் ஒவ்வொருவராகப் பின்னுக்குத் தள்ளினாள். கடைசிச் சுற்றில் அவளுக்கு முன்னால் யாருமில்லை. அம்மா கண்ணை மூடி முருகனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பா, சைக்கிள்காரர்களின் ஜென்ம விரோதி, "அழுத்து, அழுத்து" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி, காப்பி தேடிப் போனார்.

நான் சைக்கிள்களை நிறுத்தும் இடத்தின் ஓரம், கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். சைக்கிளை விட்டு இறங்கி ஓட்டத்துக்கு மாறும் இடம் அது. வெறும் கார் நிறுத்துமிடம்தான், கறுத்த தார்த்தரை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. சித்தி வந்தாள். நேரத்தை மிச்சம் பிடிக்க அந்த விளையாட்டுக்காரர்கள் காலணியைச் சைக்கிள் மிதியிலேயே விட்டுவிட்டுக் குதிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு ஓடிவரும் என் சித்தியை.

பிறகு நடந்ததில் யோசனைக்கு இடமே இருக்கவில்லை. கயிற்றுக்கு அடியில் புகுந்தேன். என் நீலப் போத்தலின் மூடி எப்போது திறந்ததென்று தெரியாது. அவள் சைக்கிளை மாட்டிவிட்டு நின்ற நொடியில், முதலில் வலது கால், பிறகு இடது கால், ஒரு சொட்டு வீணாகாமல் ஊற்றினேன். கொடுக்கத்தானே கூடாது? நான் கொடுக்கவில்லை, ஊற்றினேன்.

சித்தி குனிந்து பார்த்தாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அவள் கண் தெரியவில்லை. என் கையிலிருந்த போத்தலை வெடுக்கென்று பிடுங்கி இரண்டு மடக்குக் குடித்தாள். குடித்தவள் அப்படியே ஒரு நொடி நின்றாள். பிறகு போத்தலைத் திருப்பித் தந்து, "போதும், போ. அம்மா தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு, ஓட்டக் காலணியை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். காவலுக்கு நின்றவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த வழியே வெளியேறி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

சித்தி முதலாவதாக வந்தாள். அம்மா அழுதாள், அப்பா குரலே இல்லாமல் கத்தினார், நான் குதித்தேன். எல்லைக்கோட்டைத் தாண்டியவள் எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு நடுவர்களின் கூடாரத்துக்குள் போனாள். பதக்கம் வாங்கப் போகிறாள் என்று நினைத்தோம். திரும்பி வரும்போது அவள் கழுத்தில் ஒன்றுமில்லை. வெளியாளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்ததால் தகுதி நீக்கம். அணியில் இடம் இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு.

யார் போட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று எங்கள் வீட்டில் பல வருடம் விசாரணை நடந்தது. இரண்டாவதாக வந்த பெண்ணின் பயிற்றுநர்தான் என்று அம்மா முடிவு கட்டி, அவரை எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், அந்த மனிதருக்குக் காரணம் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஒப்பந்தப்படி சித்தி புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் கண்ணைச் சுற்றி மட்டும் ஏன் வெளுத்திருக்கிறது என்று கேட்டாள். நீச்சல் கண்ணாடித் தடம் என்று சித்தி விளக்கியதில் சம்பந்தம் அத்தோடு நின்றது. சைக்கிளை விற்கும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டார். மாதக்கணக்கில் "வாங்க ஆள் வரலலா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் விலையே பேசவில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். மறு வருடம் அதே சைக்கிளில் சித்தி அணிக்குள் நுழைந்தாள். அதற்கடுத்த வருடங்களில் சாம்பியன் பட்டம், வெளிநாட்டுப் பந்தயங்கள், முழங்கால் அறுவை சிகிச்சை, மறுபடியும் பட்டம். கல்யாணம் முப்பத்தைந்தில், அவளாகப் பார்த்துச் செய்துகொண்டது. இப்போது அவள் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள்.

நான் வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்கியதும் அவளை லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்குத் தோசை சாப்பிட அழைத்துப் போனேன். பதினான்கு வருடம் நெஞ்சில் கிடந்ததை அங்கேதான் இறக்கி வைத்தேன்.

"சித்தி, அன்னைக்குத் தண்ணி ஊத்துனது நான்தான்."

அவள் தோசையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியும்லா. முன்னப்பின்ன தெரியாத பிள்ளகிட்ட, ஈஸ்ட் கோஸ்ட்ல நின்னுக்கிட்டு நான் எதுக்குத் தமிழ்ல பேசப் போறேன்?"

அப்படியென்றால் போட்டுக்கொடுத்தது யார் என்று கேட்டேன்.

"நான்தான் போய்ச் சொன்னேன்."

"யாருமே பாக்கலையே சித்தி. எதுக்குச் சொன்னீங்க?"

"குடிச்சேனே" என்றாள், அதற்கு மேல் என்ன கேள்வி என்பது போல. பிறகு சாம்பாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: "நீ ஊத்துனத நான் தடுத்திருக்க முடியாது. குடிச்சத தடுத்திருக்கலாம். சைக்கிள்ல என் போத்தல் எங்கேயோ விழுந்திருச்சு, செம தாகம். குடிச்சப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு."

அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் தோசையில் காரம் அதிகம் என்று நினைத்திருப்பார்கள்.

பந்தயத்தன்று வீடு திரும்பும்போது இதில் எதுவும் எனக்குத் தெரியாது. அப்பா வேனை ஓட்டினார். அம்மா முன்னிருக்கையில். பின்னால் நானும் சித்தியும். எங்கள் காலடியில் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் கொடுத்தது யார் என்று அம்மா கேட்டாள்.

"யாரோ ஒரு பிள்ள. தெரியல" என்றாள் சித்தி.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தொப்பி என்னைக் காப்பாற்றிவிட்டது. அம்மா ஆரம்பித்தாள். விரைவுச்சாலை நெடுக நிறுத்தவே இல்லை.

"யார் வீட்டுப் பிள்ள அது? பந்தயத்துக்குக் கூட்டிட்டு வந்தா ஒரு கண்ணு வச்சிக்க வேணாம்? பெத்தவ அங்க என்னத்தக் கிழிச்சிட்டு நின்னாளாம்?"

"வளத்த லட்சணம் அப்படி" என்று அப்பா கரகரத்த குரலில் ஒத்து ஊதினார்.

நான் சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று தோன்றியது. அதனால் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினேன். அறிவில்லாத பிள்ளை என்றேன், அதற்கு நல்ல அடி கொடுக்க வேண்டும் என்றேன். ஆவேசம் தலைக்கேறி, "அந்த நீலப் போத்தல் பிள்ளைய மட்டும் நான் பாத்தேன்னா" என்று தொடங்கினேன். போத்தலின் நிறத்தை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்த நொடியில் சித்தி, தேக்கா சந்தையில் வாங்கி வைத்திருந்த ரஸ்தாளி வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து, பாதிப் பழத்தை அப்படியே என் வாயில் திணித்தாள்.

"பசிக்குதுல்ல, சாப்பிடு" என்றாள்.

பதக்கம் போன துக்கத்திலும் என் பசியை நினைக்கிறாளே என்று எனக்கு நெஞ்சு உருகியது. அவள் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளை யாரென்று என்றைக்காவது தெரிந்துவிட்டால் சித்தி அதை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள் என்று பயந்து, வாய் நிறைய இருந்த பழத்தைச் சத்தம் வராமல் மென்று விழுங்கினேன்.