என்ஜின் ரூமுக்கு எண்பது மீட்டர்

கடலுக்கு அடியில் காற்றை அள்ளிக் குடிப்பவர்கள் பொதுவாகப் பயந்தவர்கள், இல்லையென்றால் பருத்தவர்கள், அதுவும் இல்லையென்றால் புதியவர்கள். நம் லிஃப்ட் மெக்கானிக் இந்த மூன்றிலும் சேராதவர். ஆள் வற்றல். இருபத்தேழு வருடமாக இருட்டுக் குழிக்குள், கம்பி வடத்தில் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்று வேலை பார்க்கிறவர். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலில் முங்கத் தொடங்கியும் ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் நான்கு பேர் இறங்கினால் முதலில் காலியாவது அவருடைய சிலிண்டர்தான். பெரிய சிலிண்டர் கொடுத்துப் பார்த்தார்கள். அதையும் வஞ்சனையில்லாமல் குடித்து முடித்தார்.

மற்ற மூவரில் ஒருவன் அவர் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இவரை இந்த முங்கும் வேலையில் இழுத்துவிட்ட புண்ணியவான். இன்னொருவர் பல் டாக்டரம்மா. மூன்றாமவர் பேக்கரிக்காரர். நூற்றிப்பத்து கிலோ எடை, படி ஏறினாலே இரைக்கும். அவர்தான் தண்ணீருக்குள் தூங்குகிற எருமையைப் போல நிதானமாக மூச்சு விட்டு, பாதிச் சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுவருவார். கடலுக்கு நியாயம் தெரியாது என்பதற்கு மெக்கானிக் சொல்லும் உதாரணம் இவர்.

வருடத்துக்கு ஒரு வார இறுதியில் நால்வரும் ஒரே கப்பலுக்குத்தான் போவார்கள். ஏதோ ஒரு புயலில் மூழ்கிய சரக்குக் கப்பல். ஐம்பது வருடமாக நிமிர்ந்த வாக்கில் மணலில் உட்கார்ந்திருக்கிறது. படகைக் கட்டும் மிதவை கப்பலின் மூக்கில் இருக்கிறது. என்ஜின் ரூம் வாலில். நடுவே எண்பது மீட்டர். அந்த எண்பது மீட்டரை அவர்கள் ஆறு வருடமாகக் கடந்தபாடில்லை.

காரணம் ஒரு விதி. காற்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு. யாருடைய முதல் பங்கு முதலில் தீர்கிறதோ, அவரோடு எல்லோரும் அங்கேயே திரும்பிவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. முகமூடிக்குள் முகத்தைச் சுளித்தால் தண்ணீர் புகுந்துவிடும் என்பதால் இந்தக் கடைசிப் பகுதியை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். ஐம்பதாவது மீட்டரிலோ, கடல் நல்ல மனதோடு இருந்தால் அறுபதிலோ, மெக்கானிக் தன் காற்று மீட்டரைத் தூக்கிக் காட்டுவார். நால்வரும் திரும்புவார்கள். கப்பலின் முன்பாதி அவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கூடம் மாதிரி. பின்பாதியைப் பார்த்ததே இல்லை.

இந்த வருடம் விஷயம் முற்றிவிட்டது. டாக்டரம்மா அடுத்த மாதம் விமானம் ஏறிப் போக வேண்டிய தூரத்துக்குக் குடிபோகிறார். நால்வராக இறங்குவது இதுவே கடைசி. அதனால் மெக்கானிக் மூன்று மாதமாகப் பயிற்சி எடுத்தார். வேலை நேரத்தில், எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே நின்றுகொண்டு, மூச்சை எண்ணி எண்ணி விட்டார். கீழே காத்திருந்தவர்கள் லிஃப்டுக்கு ஏதோ பெரிய கோளாறு என்று படியேறிப் போனார்கள்.

சனிக்கிழமை காலை அந்தப் பயிற்சியைக் காட்டினார். பலன், ஐம்பத்திரண்டாவது மீட்டர். போதாததற்குத் தலைவலி வேறு.

அன்று சாயங்காலம், தங்கும் விடுதியின் பின்கட்டில் ரப்பர் உடைகள் கொடியில் தலைகீழாகச் சொட்டிக்கொண்டிருக்க, மெக்கானிக் தன் முடிவை அறிவித்தார். நாளைக்கு மூன்று பேர் போங்கள், நான் படகில் இருந்து கயிறு பார்த்துக்கொள்கிறேன் என்றார். காது வலிக்கிறது என்று ஒரு காரணமும் சொன்னார். எந்தக் காது என்று டாக்டரம்மா கேட்டார். இவர் வலது காதைத் தொட்டார். பிறகு சந்தேகம் வந்து இடது காதையும் தொட்டார்.

டாக்டரம்மா ரொட்டியைப் பிய்த்தபடியே சொன்னார்: "மூணு பேரா பாக்கணும்னா முதல் வருஷமே பாத்துட்டு வந்திருப்போம் சார். நாலு பேரா பாக்கறதுக்குத்தான் ஆறு வருஷம் ஆச்சு."

மெக்கானிக் மறுபடி வலது காதைத் தொட்டார்.

அப்போது பேசியவர் மெக்கானிக்கின் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். தண்ணீரில் கால் நனைக்கமாட்டார். படகு என்ற சொல்லே வயிற்றைப் புரட்டும். கடைசித் தடவை ஆயிற்றே என்று இந்த முறைதான் மாத்திரை போட்டுக்கொண்டு கூட வந்திருந்தார். காலை முழுவதும் படகின் விளிம்பில் உட்கார்ந்து, கீழே இருக்கும் நால்வரின் மூச்சுக் குமிழிகள் மேலே வந்து உடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேர்வு அறையில் இருபது வருடம் யார் கழுத்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துப் பழகிய கண்.

"என்னங்க, தப்பா நினைக்காதீங்க. மூணு பேரோட குமிழி நேரா போச்சு. ஒண்ணு மட்டும் முன்னாடி ஓடுது, பின்னாடி ஓடுது, மறுபடி முன்னாடி ஓடுது. அது நீங்கதானே?"

பேக்கரிக்காரர் சிரிக்கத் தொடங்கினார். நாற்காலி முனகியது.

உண்மை அதுதான். பலவீனமானவர் என்று அன்போடு அவரை நடுவில் விட்டிருந்தார்கள். நடுவில் இருப்பவருக்கு முன்னால் ஒரு மச்சான், பின்னால் இரண்டு பேர். வீட்டில் கேஸைத் திருகி மூடிவிட்டு மூன்று முறை எழுந்து போய்ப் பார்க்கிற மனிதர், மச்சானின் வார் இறுக்கமாக இருக்கிறதா என்று முன்னே போவார். டாக்டரம்மாவின் மீட்டரை எட்டிப் பார்க்கப் பின்னே வருவார். பேக்கரிக்காரர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று தட்டிப் பார்ப்பார். மற்றவர்கள் ஐம்பது மீட்டர் போவதற்குள் இவர் நூற்றைம்பது மீட்டர் நீந்தியிருப்பார்.

"அப்போ மாமாவைக் கட்டித்தான் போடணும்," என்றான் மச்சான்.

"கட்ட வேணாம். முன்னாடி விடு. கயித்தை அவர் கையில குடு," என்றார் அக்கா.

வழிக்கயிற்றுருளை மச்சானின் தனிச்சொத்து. கலங்கல் தண்ணீரில் திரும்பி வர வழி தெரிவதற்காக அதைப் பிரித்துக்கொண்டே முன்னால் போவது குழுவில் கெட்டிக்காரனின் வேலை. உருளையைப் பிடித்தவர் கண்டபடி திரும்பக் கூடாது, திரும்பினால் கயிறு சுற்றிக்கொள்ளும். மச்சான் முகம் போன போக்கைப் பார்த்து, சின்னப்பிள்ளை மாதிரி பண்ணாதே என்று அக்கா அதட்ட வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. மெக்கானிக் முதலில் இறங்கினார். மிதவைச் சங்கிலியின் அடியில் கயிற்றைக் கட்டினார். முதல் பத்து மீட்டர் பிடரி அரித்தது. பின்னால் மூன்று பேர் என்ன செய்கிறார்களோ என்று பதறியது. ஆனால் கையில் உருளை. கயிறு என்றால் தொய்யக் கூடாது, முறுக்கக் கூடாது. இது அவர் பிழைப்பு. முப்பதாவது மீட்டரில் பதற்றத்தை மறந்தார். ஐம்பதில் வழக்கமான பாசி பிடித்த பாரந்தூக்கி வந்தது. பழக்க தோஷத்தில் மீட்டரைப் பார்த்தார். முள் இன்னும் மேலேயே நின்றது. பழுதோ என்று தட்டிப் பார்த்தார். பழுதில்லை.

அறுபது. எழுபது. தளத்தில் ஒரு பெரிய சதுரத் திறப்பு, அதற்குள் இறங்கும் இரும்பு ஏணி. கயிற்றை ஏணியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விளக்கை உள்ளே அடித்தார்.

மூன்று பேருக்கு அது துருப்பிடித்த இரும்பு மலை. அவருக்கு ஆறு உருளைகள் வரிசையாக நிற்கிற என்ஜின். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு அழுத்தமானிகள். ஒன்றில் கண்ணாடிகூட உடையவில்லை. வால்வுகளின் திருகுசக்கரங்கள் எல்லாம் இறுகத் திருகி மூடியிருந்தன. கப்பலை விட்டுப் போகும்போதும் யாரோ ஒருவன் ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் போயிருக்கிறான். முகம் தெரியாத அந்த ஆளின் மேல் அவருக்குச் சகோதர பாசமே வந்துவிட்டது. டாக்டரம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். முகமூடிக்குள் மெக்கானிக்கின் கண் கலங்கியிருந்ததா என்று தெரியவில்லை. தண்ணீருக்குள் அதற்கு அத்தாட்சி கிடைக்காது.

அந்த நேரத்தில்தான் யாருடைய காற்று மீட்டரோ விளக்கொளிக்குள் நீண்டது. முதல் பங்கு தீர்ந்துவிட்டது, திரும்ப வேண்டும். மெக்கானிக் தன்னுடையதுதான் என்று நினைத்துக் கைக்குள் பார்த்தார். தன்னுடையது அல்ல. நீட்டியிருந்தவன் மச்சான். மாமா கயிற்றைச் சரியாகப் பிடிக்கிறாரா என்று எட்டிப் பார்க்க வழியெல்லாம் பக்கவாட்டில் ஓடி ஓடி வந்ததன் விலை.

காரணம் கேட்கக் கூடாது என்பது விதி. யாரும் கேட்கவில்லை. படகில் ஏறி முகமூடியைக் கழற்றிய பிறகு டாக்டரம்மாவும் பேக்கரிக்காரரும் சேர்ந்து கேட்டார்கள், கரை வரும்வரை கேட்டார்கள். மச்சான் துண்டால் தலையை மூடிக்கொண்டான்.

மெக்கானிக் அதில் கலந்துகொள்ளவில்லை. பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்து, பென்சிலால் என்ஜினை வரைந்து மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்தபடி டீச்சர் முழுவதும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இப்போ ஓடுமா?"

மெக்கானிக் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஐம்பது வருடம் கடலில் கிடந்த இரும்பைப் பற்றி உண்மையாகவே யோசித்தார்.

"ஒரு வாரம் டைம் குடுத்தா பாக்கலாம்," என்றார்.