ஏசி அறையில் ஒரு கரையேற்றம்

என் மகள் கோவையில் படிக்கிறாள். ஹாஸ்டலில் வார்டன் அறை அறையாகச் சோதனைக்கு வருகிறார் என்று தெரிந்ததும், ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்து சேர்ந்தாள். உள்ளே ஒரு சாலமாண்டர். தவளைக்கு ஒன்றுவிட்ட சொந்தம், பல்லியின் ஜாடை, எதற்கும் கோபித்துக்கொள்ளாத புது மாப்பிள்ளையின் சிரிப்பு. கழுத்தின் இரண்டு பக்கமும் செவுள்கள் வெளியே குஞ்சம் குஞ்சமாக ஆடின. இந்த வகை ஆயுள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருந்துவிடும் என்று விற்றவர் சொன்னாராம்.

திருச்சியில் வாங்கி வந்த கண்ணாடித் தொட்டியில் அதை விட்டு, கண்ணாடியை விரலால் இரண்டு முறை தட்டி, சற்று நிறுத்தி, மறுபடி ஒரு தட்டு தட்டினாள். அது நீந்தி வந்து அவள் விரலுக்கு நேராக நின்றது.

"இப்படித் தட்டிட்டு சாப்பாடு போடுங்கப்பா, வரும். தண்ணி குளுகுளுன்னு இருக்கணும். லீவுல வந்து எடுத்துக்குறேன். அதுவரைக்கும் உயிரோட வச்சிருங்க, அது போதும்."

அந்த "அது போதும்" கொஞ்சம் உறுத்தியது. மகள் அப்பனிடம் எவ்வளவு குறைவாக எதிர்பார்க்கிறாள் என்று நினைத்தேன். அதுவே அதிகம் என்று பிறகு தெரிந்தது.

நான் தட்டினால் அது வரவில்லை. புழுவை மூக்குக்கு நேரே தொங்கவிட்டால் வாங்கிக்கொள்ளும்.

பெரம்பலூரில் குளிர்ந்த தண்ணீர் மார்கழியில் கிடைக்கும். அப்போது பங்குனி. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டேன். நான் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் உருகிவிட்டது. கடைசியில் ஏசி வாங்கினேன். மனைவி பல வருடமாகக் கேட்டு, வாசலில்தான் வேப்பமரம் இருக்கிறதே என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அதே ஏசி.

"எனக்கும் கல்யாணமான நாள்லேருந்து வேர்க்குது," என்றாள். "நானும் செவுளோட பொறந்திருக்கணும் போல."

கோடையில் எங்கள் ஊர் மண்ணைத் தோண்டினால் மண்தான் வரும், மண்புழு வராது. நான் வேலை பார்ப்பது அரியலூரில். அங்கே மண்புழு உரம் தயாரிக்கும் ஒருவரிடம் புழு வாங்கி, மாலை பஸ்ஸில் டப்பாவோடு வருவேன். ஒருநாள் கண்டக்டர் மூடியைத் திறந்து காட்டச் சொன்னார்.

"மீன் புடிக்கவா சார்? எந்த ஏரில தண்ணி கெடக்கு?"

"இல்லங்க. வூட்ல ஏசி ரூம்ல ஒண்ணு இருக்கு, அதுக்கு."

அவர் மூடியை மெதுவாக மூடினார். "உடம்பப் பாத்துக்கங்க சார்," என்றார்.

சித்திரையில் ஒருநாள் அது புழுவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. குஞ்சங்கள் சுருங்கின. வாலின் துடுப்பு மெலிந்தது. உடம்பு கறுத்தது. அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டு, களைத்துப் போய் அடியில் கிடந்தது.

தொட்டி வாங்கிய திருச்சிக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். நான் பாதி சொல்வதற்குள், "கல்லுப்பு போடுங்க சார்," என்றார். போட்டேன். கூடவே என் சொந்த வைத்தியமும் செய்தேன். தண்ணீர். நான் வானம் பார்த்த பூமிக்காரன். பருத்தி வாடினால் தண்ணீர், மாடு படுத்துவிட்டால் தண்ணீர், வெயிலில் மயங்கியவர் முகத்தில் தண்ணீர். தண்ணீர் கூடிப்போய் ஒரு உயிர் வாடும் என்பது எங்கள் பக்கத்து மூளையில் ஏறாத விஷயம். அது வாயைத் திறக்கத் திறக்க, தாகம் போலிருக்கிறது என்று தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன்.

இத்தனைக்கும் படித்தவன். அரியலூர் ஒரு காலத்தில் கடல், உயிர்கள் எல்லாம் நீரிலிருந்து கரையேறி வந்தவை என்று ஆபீஸில் டீ நேரத்தில் விரிவாக விளக்குவேன். கேட்டவர்கள் இப்போது வேறு நேரத்தில் டீ குடிக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஆதாரமாக நான் வைத்திருந்த, சுருள் சிப்பி பதிந்த சுண்ணாம்புக்கல்தான் அழகுக்காகத் தொட்டியின் நடுவில் இருந்தது. கரையேற்றம் என் படுக்கையறையிலேயே நடந்துகொண்டிருந்தது. நான் உப்பு போட்டுக்கொண்டிருந்தேன்.

மகள் வீடியோ காலில் கேட்கும்போதெல்லாம், "தூங்குது," என்றேன்.

"எப்பப் பாத்தாலும் தூங்குது. உங்கள மாதிரியே ஆயிடுச்சு," என்று சிரித்தாள். நான் தொட்டி தெரியாதபடி போனைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வாரம் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆபீஸிலிருந்து திரும்பியபோது தொட்டி பாதிக்கு மேல் காலி.

"என்ன பண்ணி வச்சிருக்க?" என்றேன் மனைவியிடம்.

"பாத்ரூமுக்கு ஊத்த ஒரு வாளித் தண்ணி இல்ல. இது மட்டும் தலைக்கு மேல வச்சிக்கிட்டுக் கெடக்கு. அள்ளிட்டேன்."

சண்டைக்குத் தயாராகித் தொட்டிக்குள் பார்த்தேன். தண்ணீர் இறங்கியதில் கல்லின் தலை வெளியே தெரிந்தது. அதன் மேல் நாலு காலையும் ஊன்றி அது உட்கார்ந்திருந்தது. வாய் மூடியிருந்தது. தொண்டை மட்டும் நிதானமாக ஏறி இறங்கியது.

அதற்குப் பிறகுதான் போனில் தேடிப் படித்தேன். இந்த வகையில் அபூர்வமாக ஒன்று கரைக்கு மாறிவிடுமாம். அப்போது அதற்கு வேண்டியது ஈரமான தரையும் ஒரு கிண்ணம் தண்ணீரும்தான். என் வைத்தியம் நோயாளியை மூழ்கடிக்கும் வைத்தியம்.

"தண்ணி வேலை முடிஞ்சிடுச்சு. ஏசிய நிறுத்திடலாமா?" என்றேன்.

"ரிமோட் எங்கிட்ட இருக்கு," என்றாள் மனைவி.

வைகாசியில் செவுள்கள் முழுக்க மறைந்து, கண்ணுக்கு இமை வந்து, ஈரமான தேங்காய் நார்த்தூளில் அது குடியேறியது. மகளுக்குப் போட்டோ அனுப்பச் சொன்னாள் மனைவி. நேரில் பார்த்து அசரட்டும் என்றேன்.

மகள் லீவுக்கு வந்து, தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல் தொட்டிக்குள் குனிந்தாள். அது தூளில் பாதி புதைந்து கிடந்தது.

"அப்பா. உண்மையச் சொல்லுங்க. அது எப்ப செத்துச்சு?"

"இதுதான்மா அது."

"இது பல்லி. எங்க புடிச்சீங்க?"

செவுள், கடல், கரையேற்றம் என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண் நிறைந்தது. அம்மாவிடம் திரும்பி, "இவ்ளோ பெரிய கதை சொல்றாருன்னா செத்துதாம்மா போச்சு," என்றாள்.

நம்பிக்கையில்லாமல் கண்ணாடியைத் தட்டினாள். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு.

தூளுக்குள்ளிருந்து கறுத்த தலை நிமிர்ந்தது. பழக்கமில்லாத கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அவள் விரல் இருந்த இடத்துக்கு நடந்து வந்து, கண்ணாடியில் மூக்கை வைத்து நின்றது. அவள் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நானும் பக்கத்தில் குனிந்து அதே மாதிரி தட்டிப் பார்த்தேன். அது திரும்பவில்லை.