அந்தோணி அண்ணன் கேட்டு வைத்த பாட்டு

இன்று தேவகோட்டையில் அந்தோணி அண்ணனை அடக்கம் செய்துவிட்டு, காரைக்குடி பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பாட்டுக் கடை அந்தோணி என்றால் உங்களுக்குத் தெரியும். கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் மெமரி கார்டு வந்தது. எல்லாவற்றிலும் நமக்குப் பாட்டு ஏற்றிக் கொடுத்தவர்.

தன்னைப் புதைக்கும்போது எந்தப் பாட்டு ஓட வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

மகன் சிங்கப்பூரில். லீவு கிடைக்கவில்லை. அவன் பார்ப்பதற்காக ஸ்டுடியோக்காரர் போனில் லைவ் போட்டார்.

கல்லறையில் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் லைவ் நின்றது.

"பாட்டு ஏதோ கம்பெனிக்குச் சொந்தமாம். காப்பிரைட்டுன்னு கட் பண்ணிட்டாய்ங்க," என்றார் ஸ்டுடியோக்காரர்.

அண்ணன் மனைவி ரோசலி அக்கா அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னார்: "பாட்ட நிப்பாட்டுங்கய்யா. அவுகளுக்கு இனிமே கேக்கவா போகுது? புள்ள பாக்கட்டும்."

பாட்டை நிறுத்தினார்கள். லைவ் திரும்ப வரவில்லை.

நான் வீடியோ கால் போட்டு, அவன் எடுப்பதற்குள் குழியை மூடிவிட்டார்கள்.

"அப்பா எங்குட்டு இருக்காகண்ணே?" என்று கேட்டான்.

மண்மேட்டைக் காட்டினேன்.

இத்தனை வருஷம் அடுத்தவர் பாட்டைப் பதிந்து விற்ற மனிதரை ஒரு கம்பெனியும் வந்து பிடித்ததில்லை. இன்று பெட்டிக்குள் படுத்திருக்கும்போது பிடித்துவிட்டார்கள்.

இனி யாராவது சாவு வீட்டில் லைவ் போடுவதானால், இறந்தவருக்குப் பிடித்த பாட்டு எது என்று முதலில் விசாரியுங்கள்.

அதை மட்டும் போட்டுவிடாதீர்கள்.