அவசரமாகப் பேசிய கல்யாணம்

உச்சந்தலையை விரலால் அழுத்தினால் ஊறிய பஞ்சைப் போல அமுங்கி, மெல்ல மேலே வந்தது. பாகலூர் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்த சென்னம்மாவுக்கு, தலையில் மாட்டும் தொப்பி இறுகத் தொடங்கியபோதுதான் அது தெரியவந்தது. 2007இல் வீக்கம் பிடரிவரை இறங்கிவிட்டது. அங்கே முடி விரற்கடை நீளம் வளர்வதற்குள் ஒடிந்தது.

வலியே இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "மூளையில கட்டி வந்தா இப்பிடித்தான் தலை ஊதுமாம்" என்று உடன் வேலை செய்த நஞ்சம்மா சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கும். கை தலையிலேயே இருக்கும். புருஷன் போனபின் தனியாக வளர்த்த மகள் ஹரிணி ஓசூரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தாள். நானும் போய்விட்டால் இவளுக்கு யார்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஊரான சாமல்பட்டிக்கு பஸ் ஏறினாள். அண்ணன் முனிசாமியின் மகனுக்கே ஹரிணியைத் தருவதாகப் பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாம்மா?" என்று ஹரிணி கத்தினாள்.

"நான் இருக்கறப்பவே முடிச்சிரணும்டீ."

"நீ எங்க போறே?"

சென்னம்மா தலையில் போட்டிருந்த முந்தானையை விலக்கி, மகளின் கையை எடுத்துத் தலையில் வைத்தாள். ஹரிணி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். மறுநாளே அம்மாவை பெங்களூருக்குக் கூட்டிப் போனாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். தலைத்தோலில் சிறு துண்டு வெட்டிப் பரிசோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டரம்மா கன்னடத்தில் நிதானமாக விளக்கினார். மூளையில் எதுவும் இல்லை. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு தடித்திருக்கிறது. அபூர்வமாக யாருக்கோ வருவது. ஏன் என்று தெரியாது. உறுதியாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

"அப்ப நான் சாவ மாட்டனா?" என்று சென்னம்மா கன்னடத்திலேயே கேட்டாள்.

"இதனால இல்லம்மா" என்று டாக்டரம்மா சிரித்தார்.

திரும்பி வரும் பஸ் அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தனியாகவே போய் நின்றாள்.

"என் தலையில ஒண்ணுமில்லியாம்ண்ணா. புள்ள படிப்ப முடிக்கட்டும். இந்தக் கல்யாணம் வேணாம்."

"உன் தலையில ஒண்ணுமில்லன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது" என்று முனிசாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஹரிணி படிப்பை முடித்து, ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணன் மகனுக்கு வேறிடத்தில் பெண் அமைந்தது. பத்திரிகை வரவில்லை. முகூர்த்தத்தன்று சென்னம்மாவால் வீட்டில் உட்கார முடியவில்லை. அழைக்காத கல்யாணத்துக்குப் போய், மண்டபத்தின் தூணோரம் நின்றாள். முனிசாமி பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணிதான் வந்து கையைப் பிடித்தாள்.

"வந்தது வந்தே, சாப்ட்டுட்டுப் போ."

பந்தியில் உட்கார்ந்து இலையில் விழுந்ததையெல்லாம் சாப்பிட்டாள். அண்ணனின் கோபம் தீர்ந்ததா இல்லையா என்று பிடிபடவில்லை. கைகழுவிவிட்டு மறுபடி அவரைத் தேடிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தாள்.