பதினொரு தீவுகளும் ஒரு துண்டுச் சீட்டும்

இந்த இலங்கைத் தீவைத் தவிர வேறு தீவு எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் மாலைதீவுப் பக்கத்தில் பதினொரு தீவுகளைக் குறித்து, எந்தத் தீவின் எந்தப் புறத்தில் நங்கூரம் போட வேண்டும், எங்கே குடிதண்ணீர் எடுக்கலாம், எங்கே இறங்கவே கூடாது என்று நாள்வாரியாக எழுதி வைத்தவன் நான்தான். எழுதிய இடம் ஹாலிஎலைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆபீஸ். கார்த்திகை மாதம். காலையில் தொடங்கிய மழை மாலையிலும் அதே வேகத்தில் பெய்துகொண்டிருக்கும். மேசையில் விரித்த கடல்படத்தின் ஓரம் ஈரத்தில் சுருண்டுகொள்ளும். ஆட்களின் பேர்ப்பதிவுப் புத்தகமான செக்ரோலை அதன்மேல் பாரமாக வைப்பேன். இரண்டும் எனக்கு ஒரே மாதிரியான வேலைதான். ஒன்றில் ஆட்கள், மற்றதில் தீவுகள். எதையும் நேரில் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

நான் அப்போது அங்கே பெரிய கிளாக்கர். இப்போது ஓய்வுபெற்றுப் பதுளையில் இருக்கிறேன். ரயிலும் இங்கேயே வந்துவிட்டது. அன்று தண்டவாளம் பண்டாரவளையோடு முடிந்தது. அங்கிருந்து தோட்டத்துக்கு மாட்டுவண்டி, அல்லது கால்.

தோட்டத்துத் துரைக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மனைவி சீமைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. மழைக்காலத்தில் துரை பங்களா வராந்தாவில் உட்கார்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் ஆபீசுக்கு வந்து, தானும் ஹல்துமுல்லைப் பக்கத்துத் துரைகள் இரண்டு பேரும் கொழும்பில் ஒரு பாய்க்கப்பலை வாடகைக்கு எடுத்து, தை பிறந்ததும் ஆறு வாரம் தீவு தீவாகச் சுற்றப் போவதாகச் சொன்னார். நான் அவரிடத்தில் வேலை பார்த்த காலம் முழுவதிலும் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். திட்டத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது.

உல்லாசமாக ஊர் சுற்றுவதற்கு எத்தனை காகிதம் வேண்டும் என்பது உல்லாசமாகச் சுற்றுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. துறைமுகத்தை விட்டு வெளியேற அனுமதி வேண்டும். கப்பலில் நோயாளி இல்லை, புறப்படும் ஊரிலும் தொற்றுநோய் இல்லை என்று துறைமுக டாக்டரின் பத்திரம் வேண்டும். சுல்தானின் தீவுகளில் கால் வைக்க அரசாங்கத்தின் வழியாக ஒரு விண்ணப்பம், அதற்கு மூன்று பிரதி. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அம்மை குத்திய சான்று. இவையெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததை விசாரித்துக்கொள்வேன். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவரின் மச்சான், கொழும்பில் மாசிக் கருவாடு வாங்கி விற்பவர், ஒரு முறை மாலைதீவுக்கே போய் வந்தவர். முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"துரைமார் ஏன் அங்க போறாங்க? கருவாடு வேணும்னா நான் எடுத்துத் தாரேனே" என்றார் அவர்.

"சும்மா பாக்கப் போறாங்க, முதலாளி."

"பாக்கவா?" அவர் துணியை மடித்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "மச்சான் சொன்னாரு, பகல்ல எறங்கலாமாம். பொழுது சாஞ்சதும் கப்பலுக்கு வந்துரணுமாம். தரையில படுத்தா காய்ச்சல்தானாம். அதையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டேன். மார்கழி நடுவில் திட்டம் முடிந்தது. ஒரு நாளுக்கு ஒரு தாள். துரை அதை வாசித்துவிட்டு, தான் ஏற்கெனவே போய்வந்ததுபோல் இருக்கிறது என்றார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆட்கள் என்ற தலைப்பின் கீழ், சமையற்காரன் ஒருவன் என்று எழுதியிருந்தேன். அது பங்களாக் குசினியில் இருந்த சமையற்காரன். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன். தகர அடுப்பில் அவன் வேகவைக்கும் புட்டிங்குக்காகவே மற்றத் துரைமார் எங்கள் பங்களாவுக்கு வந்து போவார்கள். அவன் மனைவி மலையில் கொழுந்து எடுப்பவள். இருவரும் ஆட்களின் வரிசைவீடான லயத்தில், கடைசிக் காம்பிராவில், ஒற்றை அறையில் இருந்தார்கள். பிள்ளை இல்லை. இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தது.

அவன் ஒரு பிற்பகல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"கிளாக்கரய்யா, என்னைய அந்தக் கப்பல்லேருந்து எறக்கி விட்டுருங்க."

"நீ இன்னும் ஏறவே இல்லையேப்பா."

"பேரு ஏறிருச்சுங்களே."

"துரைகிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க. 'கடல் நல்லம். மீன் நிறைய. நீ வா'ன்னாரு. அதுக்கு மேல அவருக்குத் தமிழ் வரல, எனக்கு இங்கிலீசு வரல." அவன் தலை குனிந்துகொண்டான். "வூட்டுல ஏழு மாசங்க. போன ரெண்டு தடவையும் நான் பங்களாவுல கெடந்தேன். இந்தத் தடவையாச்சும் கிட்ட இருக்கணும்னு அது கேக்குது."

"எப்பப் பொறக்கும்?"

"பங்குனியிலன்னு மருத்துவச்சி சொல்லுது."

நான் தாள்களைப் புரட்டினேன். "மாசி நடுவுல திரும்பிடுறீங்க. நாள் கணக்கெல்லாம் போட்டுத்தான் எழுதியிருக்கு. பயப்படாதே."

"கடல்ல காத்து உங்க தாளைப் பாத்துத்தான் அடிக்குங்களா?"

அதற்கு நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. துரையிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும், வேறொரு சமையற்காரனைப் பண்டாரவளையில் பிடித்திருக்கலாம். நான் பேசவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தாள் சுத்தமாக எழுதப்பட்டிருந்தது. அடித்துத் திருத்த மனம் வரவில்லை.

இனி அந்தத் துண்டின் கதை. அக்காலத்தில் தோட்டத்து ஆள் ஒருவன் சீட்டில்லாமல் இரண்டு வாரம் வேலைக்கு வராவிட்டால் அவன் ஓடிப்போனவன். பேர் பொலீசுக்குப் போகும். வழியில் யாரும் நிறுத்திக் கேட்கலாம். ஆகவே சமையற்காரனின் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். துரையோடு தீவு பார்க்கப் போகிறவனுக்கென்று அச்சடித்த சீட்டு எதுவும் ஆபீசில் இல்லை. இருந்தவற்றில், நாட்டின் எந்த மூலையிலும் எந்த அதிகாரியும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காகிதம் ஒன்றே ஒன்று: துண்டு. இந்த ஆள் எங்கள் தோட்டத்தை விட்டு நீங்கலாம் என்று துரை கையெழுத்திட்டுக் கொடுப்பது. நான் துண்டு எழுதினேன். கொழும்புக்கான பதினாறு காகிதங்களோடு அது பதினேழாவதாகப் போயிற்று. துரை எல்லாவற்றிலும் கையெழுத்திட்டார். அதை உறையில் போட்டு ஒட்டி, சமையற்காரனிடம் கொழும்புச் சீட்டு என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் மடியில் கட்டிக்கொண்டான்.

துண்டின் பிரதி, ஆள் புறப்படும் அன்றைக்கே கங்காணிக்குப் போய்விட வேண்டும் என்பது தோட்டத்து விதி. அந்த விதியை ஏற்படுத்தியவனும் நான்தான். புருஷன் பேரில் துண்டு எழுதினால் பெண்டாட்டி பேரும் செக்ரோலிலிருந்து போகும் என்பது வழக்கம். அதை யாரும் எழுதி வைக்கத் தேவையில்லை. இவ்விரண்டையும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தத் தோட்டத்தில் எவரும் இல்லை.

தைப்பொங்கல் கழிந்த மறுநாள் புறப்பட்டோம். காகிதங்களைக் கொழும்பில் ஒப்படைப்பதற்காக என்னையும் துரை அழைத்துக்கொண்டார். வண்டி லயத்தைக் கடந்தபோது சமையற்காரனின் மனைவி கொழுந்துக் கூடையோடு பாதையோரத்தில் ஒதுங்கி நின்றாள். அவன் கையைத் தூக்கவில்லை. துரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதெல்லாம் செய்வதில்லை.

கொழும்பில் கப்பல் தயாராக இருந்தது. வெள்ளைச் சாயம் அடித்து, பித்தளையெல்லாம் துலக்கி, பார்க்க அழகாகவே இருந்தது. நான் எழுதிய காகிதங்கள் பதினேழிலும் ஒரு பிழை இல்லை. நான் எழுத முடியாத ஒரு காகிதம், துறைமுக டாக்டருடையது, வரவில்லை. ஊரில் அம்மை கண்டிருந்தது. அந்தப் பத்திரம் இல்லாமல் எந்தத் தீவும் எங்களை இறங்க விடாது. அம்மை அடங்கும் என்று காத்திருந்தோம். துரை ஒவ்வொரு நாளும் கப்பலுக்குப் போய், மேல்தட்டில் சாய்வு நாற்காலி போட்டு, துறைமுகத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையற்காரன் கப்பலின் சிறு அடுப்பில் புட்டிங் செய்தான். நான் முதல் நாள் தாளை எடுத்து அடுத்த நாளுக்கு மாற்றுவேன், பிறகு அதற்கடுத்த நாளுக்கு. பதினைந்தாம் நாள், கூட வந்த துரைகளில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தார். மற்றவர் கிளப்புக்குப் போகத் தொடங்கினார். பதினெட்டாம் நாள் எங்கள் துரை ரயில் நிலையத்துக்கு வண்டி கூப்பிடச் சொன்னார்.

தோட்டத்துக்கு வந்துசேர்ந்தபோது மழை பிடித்திருந்தது. சமையற்காரன் மூட்டையோடு நேரே லயத்துக்குப் போனான். கால் மணி நேரத்தில் ஆபீசுக்கு வந்தான். அவனுக்குப் பின்னால் கங்காணி.

"என் காம்பிராவுல வேற ஆளு இருக்குங்க" என்றான்.

கங்காணி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நீங்கதானேங்க துண்டு அனுப்பினீங்க. நான் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல அந்தப் பொம்பளை பேரைக் கூப்பிடல. அது வந்து நின்னுச்சு. 'ஒம் புருசன் துண்டு வாங்கிட்டாரு, தாயி'ன்னு காயிதத்தைக் காட்டினேன். புதுசா வந்த ஆளுங்க ஒரு காம்பிராவுக்கு ரெண்டு குடும்பமா கெடந்தாங்க. குடுத்துட்டேன். அது அண்ணங்காரன் தோட்டத்துக்குப் போயிருச்சு."

"துரையோட தீவு பாக்கப் போனேன்னு தெரியாதா ஒங்களுக்கு?" என்று சமையற்காரன் கேட்டான்.

"நீதான்பா சொன்னே. லயத்துல ஒருத்தரும் நம்பல. கூலிக்காரன் கப்பல் ஏறினா ஊருக்குத்தான் போவான். தீவு பாக்கப் போறவன் துண்டு வாங்கிட்டா போவான்?"

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை. மூன்று நாள் அவள் பெரட்டுக்கு வந்து நின்றாள். பேர் இல்லாதவளுக்கு அரிசியும் இல்லை. பக்கத்துக் காம்பிராப் பெண்கள், "தீவா? தொண்டியில எறங்கி வேற ஒருத்தியப் பாத்திருப்பாரு" என்று சிரித்தார்கள். துரை இல்லாதபோது பொறுப்பிலிருந்த சின்னத்துரையிடம் போய் அழுதாள். அவர் பிரதியைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாலாம் நாள் சட்டிபானையை மூட்டை கட்டிக்கொண்டு ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அண்ணனிடம் நடந்தாள். பண்டாரவளை, அப்புட்டளை, அங்கிருந்து இறக்கம். பெரகலச் சந்தியில் ஒரு கடைக்காரர் அவளை உட்காரவைத்து டீத்தண்ணி கொடுத்திருக்கிறார். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த இரவே வலி கண்டது. ஆண் குழந்தை. மறுநாள் உச்சிப்பொழுது வரை இருந்தது. அவள் பிழைத்தாள்.

இவ்வளவும் தெரிவதற்கு முன்பே, அன்று ஆபீசில் நின்றபோதே, சமையற்காரன் மடியிலிருந்து உறையை எடுத்துப் பிரித்துக் கங்காணியிடம் நீட்டினான். "என்ன போட்டிருக்கு, வாசிங்க" என்றான். கங்காணி வாசித்தார். நான் செக்ரோலைத் திறந்துகொண்டேன்.

"இதை ரத்துப் பண்ணிடலாம்பா. ஒரு நிமிசம். உன் பேரு, அவ பேரு ரெண்டையும் திரும்ப ஏத்திடுறேன்."

"வேணாங்க."

"தப்பா அனுப்பின காயிதம்தானே இது."

"தப்பு ஒண்ணும் இல்லீங்களே. போகலாம்னு எழுதியிருக்காமே." காகிதத்தை மறுபடி மடித்தான். "எந்தத் தோட்டத்துலயும் இதைக் காட்டினா எடுத்துக்குவாங்கல்ல?"

"எடுத்துக்குவாங்க" என்றேன். அது உண்மை. நான் எழுதிய காகிதங்களில் உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

அவன் மழையிலேயே ஹல்துமுல்லைப் பக்கம் நடந்துபோனான். மாலையில் துரை ஆளனுப்பி, ஏன் புட்டிங் இல்லை என்று கேட்டார். கங்காணி அவசரப்பட்டு ஒரு பேரை வெட்டிவிட்டார் என்று சொல்லியனுப்பினேன். கங்காணிக்குக் கண்டனம் கிடைத்தது. அவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை. அதற்கு முன்பும் அதிகம் பேசியவரல்ல என்று நான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அடுத்த கார்த்திகையில் துரை மறுபடி கடல்படத்தைக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிட்டார். என் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. பூச்சி அரித்த இடங்கள் தவிர எல்லாம் வாசிக்க முடிகிறது. அந்தக் குழந்தை இருந்த நாளை, சொன்னவர்கள் சொன்னதை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். தாளில், நாள் மாற்றுவதற்கு முன், அந்த நாளுக்கு எழுதியிருந்தது: முதல் தீவு. கிழக்குப் புறம் நங்கூரம். காலையில் இறங்கலாம். நல்ல தண்ணீர். பிற்பகல் மீன் பிடிக்க வசதி. பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.